விரல் தெரியுதா, தங்கச்சி?

எங்கள் மாவுக்கட்டு அறைக்கு இன்று புதிதாக வருகிறவர்கள், என்ன சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கொள்ளைநோய் வருவதற்கு முன்னால் அந்த அறை இருந்த இருப்பை அவர்கள் பார்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாள், குழந்தைகளின் வளைந்த பாதங்களுக்குக் கட்டுப் போடும் நாளில், அது க்யிம்யிண்டைங் சந்தைக்குக் கொஞ்சமும் சளைத்ததாக இருக்காது. தரை முழுக்கப் பாய். பாய் முழுக்க அம்மாமார். வாசலில் விற்கும் மீன்குழம்புச் சேமியா மொஹிங்காவை வாங்கி வந்து ஒருத்தி உறிஞ்சிக்கொண்டிருப்பாள். அவள் பிள்ளை இன்னொருத்தி மடியில் கிடக்கும். நடுவில் ஒரு பெரிய தொட்டி, அதில் சுண்ணாம்பு கரைத்ததுபோல வெள்ளைத் தண்ணீர். சாயங்காலம் அலோனில் இருக்கும் வீட்டுக்குப் போனால், "மாவு மில்லுல வேலையா பாக்கிறே நீ" என்று கூடப்பிறந்த மூத்தவள், என் லாத்தா, செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள்.

நான் அந்த மருத்துவமனையின் குழந்தைகள் எலும்புப் பிரிவில் பிஸியோதெரபிஸ்ட். என் பாட்டனார் காலத்தில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறி வந்த குடும்பம். வாப்பா அலோனில் கடை வைத்திருந்தார். நான் கடையில் உட்காராமல் குழந்தைகளின் காலைப் பிடிக்கப் போனேன். மருத்துவமனையில் எல்லாருக்கும் நான் சயாமா. இங்கே பெண்ணாக இருந்தால் நர்ஸும் சயாமாதான், டீச்சரும் சயாமாதான், ஆகவே அதில் எனக்குப் பெரிய பெருமை ஒன்றுமில்லை.

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகள் பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி இருக்கும். குதிகால் மேலே ஏறிக்கொண்டு, உள்ளங்கால் எதிர்க்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் குழந்தை பாதத்தின் ஓரத்தில்தான் நடக்கும், வளர வளர அந்த ஓரம் காய்த்துப்போகும். பிறந்த சில வாரங்களில் பிடித்துவிட்டால் கத்தி அதிகம் தேவையில்லை. பச்சை எலும்பு சொன்னபடி கேட்கும். விரலால் மெதுவாகக் கொஞ்சம் திருப்பி, அது அங்கேயே நிற்பதற்காகத் தொடையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டுப் போட வேண்டும். அடுத்த வாரம் அதை ஊறவைத்துக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு. சில வாரங்கள் இப்படிப் போன பிறகு குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு. அதற்குப் பிறகு, இரண்டு காலணிகளை ஒரு கம்பியில் பூட்டிய சாதனம், முதல் சில மாதம் முழு நேரமும், பிறகு தூங்கும்போது மட்டும், குழந்தைக்கு நாலு வயசாகும்வரை.

ஒருவர் பாதத்தைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மாவுச் சுருளைச் சுற்ற வேண்டும். பிடிப்பது நான். குழந்தை உதைத்தால் பிடி போய்விடும், ஆகவே குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அறையில் பாய் விரித்தோம். பாய் வந்ததும் சாப்பாடு வந்தது, சாப்பாடு வந்ததும் ஊர்க்கதை வந்தது. "கட்டுப் போடற எடத்துல கொழம்பைக் கொட்டாதீங்க" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். ஒருவரும் காதில் வாங்கியதில்லை. ஆனால் கட்டு முடிந்த குழந்தையின் அம்மா, புதிதாக வந்து அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, "இங்க பாரு, எங்களுது உன்னுதைவிட மோசமா இருந்துச்சு" என்று காலைத் தூக்கிக் காட்டுவாள். அந்த அழுகை அதோடு நிற்கும். இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு அந்த வித்தை வந்ததில்லை.

எங்கள் சர்ஜனை எல்லாரும் சயாஜி என்று சொல்வோம், பெரிய ஐயா என்கிற மாதிரி. பர்மாக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், சர்க்கரை வியாதி உண்டு. சுருளைச் சுற்றும்போது பழைய மெட்டு ஒன்றை வாய்க்குள் முனகுவார். என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்த முனகலுக்குக் குழந்தைகள் மயங்கிப்போய்ப் பால் குடிப்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்க்கும். அந்தச் சத்தம், அந்தக் குழம்பு வாசனை, அந்த வெள்ளைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இப்போது மனசு ஏங்குகிறது. அன்றைக்கு எனக்கு அது தலைவலியாகத்தான் இருந்தது.

நோய் வந்தது. வெளிநோயாளிப் பிரிவை மூடினார்கள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினோம். அவசரம் இல்லாததெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று உத்தரவு. வளைந்த பாதம் அவசரமா இல்லையா என்பதில் பேச்சு எழுந்தது. சயாஜி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பச்சப்புள்ளைக்கு எலும்பு நாளுக்கு நாள் முத்திக்கிட்டிருக்கு. கிருமி போற வரைக்கும் பொறுத்துக்கோன்னு அதுகிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?" என்று பர்மியில் கேட்டார். வளைந்த பாதம் அவசரம்தான் என்று முடிவாயிற்று. அவர் வீட்டில் அவரைப் போகவே வேண்டாம் என்று தடுத்தார்கள். அவர் சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் வந்தவர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. காற்றோட்டமில்லாத அறையில் கட்டுப் போடக் கூடாது என்றார். மருத்துவமனைப் பின்பக்கம் சைக்கிள் கொட்டகை இருந்தது. தகரக் கூரை, சுவர் கிடையாது. சைக்கிள்களை வெளியேற்றிவிட்டு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை. அதுதான் இனி மாவுக்கட்டு அறை. ஒரு நேரத்தில் ஒரு தாய், ஒரு குழந்தை. துணைக்கு வந்தவர் வாசலுக்கு வெளியே. ஒருவர் போனபின் மேசையைத் துடைத்து, வாளித் தண்ணீரைக் கொட்டி, காற்று ஓட விட்டுத்தான் அடுத்தவர். கட்டை மின்ரம்பத்தால் வெட்டினால் தூசி பறக்கும், ஆகவே ரம்பம் கிடையாது. அம்மாவே வீட்டில் ஊறவைத்துத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். வாசலில் காய்ச்சல் பார்க்காமல் ராஜா வந்தாலும் உள்ளே விடக் கூடாது. நாங்கள் மேலங்கி, மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் திரை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றோம். மழைக்காலம் வேறு. ஈரக்காற்றில் மாவு காயாமல் சொதசொதவென்று கிடக்கும். நான் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டிருப்பேன்.

ஆற்றுக்கு அக்கரையில் உள்ள த்வாண்டேயிலிருந்து வந்த ஒரு பெண்ணை அந்தக் கொட்டகையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கைக்குழந்தை, பெண், வலது பாதம் நன்றாக வளைந்திருந்தது. அம்மாவுக்கும் சின்ன வயசுதான். அன்றைக்கு என் கண்ணாடித் திரையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. "யா அல்லா, பாழாப்போன கண்ணாடி" என்று வாய்க்குள் திட்டினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்.

"சயாமா தமிழா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா, நீ?"

"அப்பா தமிழ். கேட்டா வெளங்கும் சயாமா. பேச வந்தா பர்மாதான் முன்னால வருது."

த்வாண்டே பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். புருஷன் பர்மாக்காரர், வடக்கே ஏதோ ஊரில் கட்டட வேலை. வழி அடைபட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளையைச் சுமந்தபோது கிரகணத்தில் வெளியே போனாயா என்று அக்கம்பக்கத்தார் கேட்டதை அவள் என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பாயும் அம்மாமாரும் இருந்த காலமாக இருந்தால் யாராவது ஒருத்தி தன் பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டியிருப்பாள். கொட்டகையில் அவளும் நானும் சயாஜியும்தான். "ஒம்மேல ஒரு தப்பும் இல்ல தங்கச்சி" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வாரம் தவறாமல் படகில் வந்தாள். ஒவ்வொரு கட்டுக்கும் பாதம் நன்றாகத் திறந்துகொண்டே வந்தது. சயாஜிக்கே திருப்தி. அந்த நேரம் பார்த்து நோய் பெருகி, ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்குப் போகக் கூடாது என்றாகிவிட்டது. ஆளேற்றும் படகுகள் நின்றன. பிள்ளை காலில் கட்டோடு த்வாண்டேயில்.

சயாஜி யோசித்து ஒரு வழி சொன்னார். கட்டு சில நாள் கூடுதலாக இருந்தால் ஆபத்தில்லை. ஆனால் கால் விரல்கள் கட்டுக்கு வெளியே முழுசாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். விரல் உள்ளே போகிறதென்றால் கட்டு நழுவுகிறது என்று அர்த்தம். நழுவின கட்டு பாதத்தைத் தவறான இடத்தில் அமுக்கும், தோலைப் புண்ணாக்கும், திருப்பியதையும் கெடுத்துவிடும். அன்றைக்கே கழற்றியாக வேண்டும். ஆகவே தினம் காலையில் விரல்களைப் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பச் சொன்னோம். அனுப்புகிறேன் என்றாள்.

மறுநாள் படம் வந்தது. குழந்தையின் முகம், இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி. அடுத்த நாள் கம்பளித் தொப்பியோடு. அதற்கடுத்த நாள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே போர்வையோடு. எனக்கோ அந்த நாட்களில் வீடு விட்டால் கொட்டகை, கொட்டகை விட்டால் வீடு. காலையில் எழுந்ததும் அந்த முகத்தைப் பார்ப்பது ஒரு ஆறுதலாக இருந்தது. "விரல் தெரியுதா தங்கச்சி?" என்று எழுதுவேன். "தெரியுது சயாமா" என்று பதில் வரும். நானும் லாத்தாவிடம் படத்தைக் காட்டி ரசித்துக்கொண்டிருந்தேன். பாதத்தைக் காட்டு என்று அதட்டிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் சயாஜியிடம் கைபேசியை நீட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அழகான புள்ள. ஆனா நான் மொகத்துக்கு டாக்டர் இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, பாதம் எங்கே? தெனமும் மொகத்தையே அனுப்புறியே."

தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எப்புடி சயாமா காலை உங்களுக்கு அனுப்புறது? நீங்க போனை மொகத்துக்கு நேரா வச்சுப் பாப்பீங்க. பாப்பா பாதம் உங்க மொகத்துல இருக்கும். சயாஜியும் பாப்பாருன்னு சொல்றீங்க. அப்பா வேணாம்னுட்டாரு, மரியாதை கெட்டதுன்னு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. இந்த ஊரில் பெரியவர்கள் இருக்கும் பக்கம் யாரும் காலை நீட்ட மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாப்பா சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் காலை எங்கே ஒளித்துவைப்பது என்று தேடுவோம். நேரில் வரும்போது மட்டும் அவள் எப்படிக் காட்டினாள் என்றால், அங்கே நான் குனிந்து அந்தப் பாதத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். எடுப்பது நான். அனுப்புவதென்றால் நீட்டுவது அவள். அவளுக்கு அதில் உள்ள வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. கொட்டகையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"நான்தானே கேக்கிறேன், பாவம் வந்தா எனக்கு வரட்டும். இப்பவே அனுப்பு" என்றேன்.

படம் வந்தது. கட்டின் வாய் தெரிந்தது. உள்ளே பஞ்சு தெரிந்தது. விரல் என்று பார்த்தால் கட்டைவிரலின் நகம் மட்டும். தினம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது தெரியவில்லை. நேற்றும் நுனி தெரிந்தது, இன்றும் நுனி தெரிகிறது, அவ்வளவுதான் அவளுக்கு.

அப்போதே கழற்ற வேண்டும். சயாஜி பக்கத்தில் நிற்க, நான் மாஸ்க்கோடு வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன். அவள் தன் கைபேசியைப் பேசின் மட்டும் தெரியும்படி தண்ணீர்ப் பானையில் சாய்த்துவைத்தாள். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் குழந்தையின் கால். "நல்லா ஊறட்டும். இழுக்காத. மொனையைத் தேடிப் பிடி. சுத்துனபடியே திருப்பிச் சுத்து" என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அவள் அப்பா பின்னாலிருந்து, "பாத்துச் செய்மா, பாத்து" என்று சொல்வது கேட்டது. கட்டு வழுவழுவென்று பேசினில் விழுந்தது. பாதம் வெளியே வந்தது. தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. குதிகாலுக்கு மேலே ஒரு சிவப்பு, புண்ணாகவில்லை. அதைப் பார்த்து மூச்சு விட்டேன். ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதம் மெல்ல உள்பக்கம் சாய ஆரம்பித்தது. வாரக்கணக்கில் திருப்பியது எங்கள் கண்ணெதிரே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"நாளைக்கே வரணும்" என்றார் சயாஜி. "நாள் தள்ளினா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எலும்பு முத்திட்டா முதல்லேருந்தும் முடியாது, பெரிய ஆபரேஷன்தான்." அதை நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். ஒளித்துச் சொல்ல எதுவும் இல்லை.

அவள் பேட்டை அலுவலகத்தில் ஆஸ்பத்திரிக்கு என்று அனுமதி வாங்கினாள். ஆளேற்றும் படகு இல்லை. ஆனால் காய்கறிப் படகு க்யிம்யிண்டைங் துறைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சுரைக்காய்க்கும் பூசணிக்கும் நடுவே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, திறந்த படகில் வந்தாள். அன்றைக்கு என்று மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. துறையிலிருந்து வண்டி கிடைக்காமல் நடந்திருக்கிறாள். மருத்துவமனை வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் கருவியைப் பிடித்தார்கள். காய்ச்சல் என்று காட்டியது.

விதி எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் இருந்தால் தனிமை முகாம். அம்மா போனால் பிள்ளையும் போகும். முகாமில் யார் வந்து மாவுக்கட்டுப் போடுவார்கள்? நான் வாசலுக்கு ஓடினேன், சயாஜியும் பின்னால் வந்தார். அவள் என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்ல சயாமா, வெயில்" என்றாள். நான் சயாஜியிடம் திரும்பி, "வெயில்ல வந்திருக்கா, உள்ள விடுங்க" என்றேன்.

"விட மாட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியவர் என்று பார்க்காமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முகத்துக்கு டாக்டர் இல்லையென்றால் பாதத்துக்காவது டாக்டராக இருங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு முன்னால வந்த புள்ளைங்களும் இருக்கு, பின்னால வரப்போற புள்ளைங்களும் இருக்கு. அந்த மரத்தடியில உக்காரட்டும். தண்ணி குடிக்கட்டும். மறுபடி பாப்போம். அப்பவும் காய்ச்சல்னா முகாம்தான். நீ கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி" என்றார்.

வாசலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். அவள் அதன் நிழலில் உட்கார்ந்தாள். சயாஜி தூரத்தில் இன்னொரு வேரில் உட்கார்ந்தார். நான் நடுவில் நின்றுகொண்டு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தவித்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி மாஸ்க்கை இறக்கித் தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வழியில் வாடிப்போன ஒரு பூசணிப்பூவை எடுத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். காத்திருப்பதென்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் காவல்காரர் கருவியோடு வந்தார். நான் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன். "சரியா இருக்கு" என்று அவர் குரல் கேட்டது. இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் சயாஜி. அப்போதும் சரியாக இருந்தது.

கொட்டகைக்குப் போனோம். கண்ணாடித் திரை மாட்டிய எங்களைக் கண்டு பிள்ளை வீரிட்டது. பாதம் விறைத்துக்கொண்டது. விறைத்த பாதத்தைத் திருப்பக் கூடாது. அம்மாவுக்கும் அழுகை, பாலும் சரியாக இறங்கவில்லை. நான் பாதத்தைப் பிடிக்காமல் சும்மா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது சயாஜி மாஸ்க்குக்குள்ளேயே முனக ஆரம்பித்தார். அந்த நோய்க்காலம் முழுக்க அவர் முனகி நான் கேட்டதில்லை. மாஸ்க்கில் சத்தம் அமுங்கிப்போய்த் தேனீ அடைபட்டதுபோலத்தான் இருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி, எங்கிருந்து வருகிறது என்று தேடியது. பாதம் என் கையில் மெல்ல இளகியது. கட்டைவிரலால் எலும்பைத் தாங்கிக்கொண்டு வெளிப்பக்கம் திருப்பினேன். நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. சயாஜி சுருளைச் சுற்றினார். முழங்காலை மடக்கி, தொடைவரை சுற்றி, இந்த முறை நழுவாதபடி நன்றாக அமைத்தார். விரல்கள் எல்லாம் வரிசையாக வெளியே தெரிந்தன. அவள் குனிந்து அவற்றை வெகுநேரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு படங்கள் வந்தன பாருங்கள். காலையில் பாதம், மத்தியானம் பாதம், விளக்கு வைத்ததும் பாதம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, விரல் விரலாக. "அப்பாதான் சயாமா டார்ச் அடிக்கிறாரு" என்று ஒரு செய்தி. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "கடோ நோ, சயாமா" என்று எழுதியிருப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இங்கே பெரியவர்களைத் தாண்டிப் போகும்போது சொல்வது. மற்ற அம்மாமாரிடமும் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன், பாதத்தை அனுப்புங்கள், மரியாதைக் குறைவில்லை, கேட்பது நான் என்று. சொல்லியும் எல்லாரும் முன்னால் ஒரு கடோ போட்டுத்தான் அனுப்பினார்கள். என் கைபேசி முழுக்கக் குழந்தைகளின் பாதம். லாத்தா அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

காய்கறிப் படகிலேயே அந்தப் பெண் மிச்சக் கட்டுகளுக்கும் வந்தாள். குதிகால் தசைநார் வெட்டும் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. பிறகு கம்பி பூட்டிய காலணியை மாட்டிவிட்டேன். "அழும். கழட்டாத. இதைக் கழட்டினா பாதம் மறுபடி திரும்பிடும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள முடியாமல் தள்ளி நின்று சொன்னேன். வழி திறந்ததும் புருஷனிடம், வடக்கே போய்விட்டாள். கொஞ்ச நாள் படங்கள் வந்தன. பிறகு அந்த எண் செத்துப்போனது. அந்தக் காலத்தில் பலருடைய எண்ணும் அப்படித்தான் போனது.

காலணிதான் கஷ்டம். கட்டு எங்கள் கையில் இருக்கிறது. காலணி அம்மாவின் கையில். இரவில் பிள்ளை அழ, அக்கம்பக்கம் கேட்க, பாவம் ஒருநாள் கழற்றிவிட்டுத் தூங்கட்டும் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். அப்படித் திரும்பிப்போன பாதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சைக்கிள்கள் கொட்டகைக்குத் திரும்பின. அறையைத் திறந்தோம், பாய் மட்டும் திரும்ப வரவில்லை. இப்போது நாற்காலிகள், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு. சயாஜி ஓய்வு பெற்றுவிட்டார். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அந்தப் பூசணிப் படகுப் புள்ள?" என்று கேட்பார். தெரியாது என்று சொல்லுவேன். கேட்காமலாவது இருக்கலாமே என்று தோன்றும்.

போன தடிஞ்யுத் சமயம். மழைக்காலம் முடிந்து ஊரெல்லாம் விளக்கு வைத்து, பெற்றோரையும் ஆசிரியரையும் தேடிப் போய்க் கும்பிடும் பண்டிகை. அறை வாசலில் ஒரு பெண் பழக்கூடையோடு நின்றாள். இடுப்பில் ஒரு சிறுமி. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளும் என்னை உற்றுப் பார்த்துவிட்டு நர்ஸ் பக்கம் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் மாஸ்க் இல்லாமல் பார்த்ததே இல்லை.

"யாரைத் தேடுறீங்க?" என்றேன் பர்மியில்.

அவள் சட்டென்று திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் பேசுங்க."

"என்னத்தைப் பேசறது?" என்று எரிச்சலில் தமிழ் வந்துவிட்டது.

"சயாமாதான்" என்றாள், கண் கலங்கிப்போய்.

என் கண் உடனே பிள்ளையின் காலுக்குத்தான் போனது. பண்டிகைக்கு என்று தைத்த புது உடுப்பு, தரைவரை நீளம். ஒன்றும் தெரியவில்லை. நடந்து வராமல் இடுப்பில் ஏன் வருகிறாள் என்று மனசு அடித்துக்கொண்டது. முற்றத்தில் சேறு, அதனால் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை. ஊர் எப்படி, அப்பா எப்படி இருக்கிறார், மழை எப்படி என்று என்னென்னவோ கேட்டேன்.

அவள் பிள்ளையை இறக்கிவிட்டாள். "சயாமாவைக் கும்பிடு" என்றாள்.

எங்கள் மார்க்கத்தில் மனுஷருக்கு மனுஷர் தலை தரையில் படக் கும்பிடக் கூடாது. பண்டிகைக்கு யார் வந்தாலும் குனியும் முன்னாலேயே முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவேன். அன்றைக்குத் தூக்கவில்லை. சிறுமி இங்கத்துப் பிள்ளைகள் மாதிரியே மண்டியிட்டு, உடுப்பை ஒதுக்கி, பாதங்களைப் பின்னால் மடித்து உட்கார்ந்தாள். நான் அவள் முன்னால் நிற்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். இரண்டு உள்ளங்காலும் மேலே பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வலது பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் சிறியது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நேராக இருந்தது. குதிகால் சப்பையாக, அழுக்காக, ஓடி விளையாடிய குதிகாலாக இருந்தது.

"முன்னால வாங்க சயாமா, பாப்பா யாரைக் கும்பிடும்?" என்று அம்மா சிரித்தாள்.

"நான் இங்கேயே இருக்கேன்மா" என்றேன். "இன்னொரு தடவ கும்பிடச் சொல்லு."